யாழ்ப்பாணத்தில் ஓர்கெஸ்ட்ரா கச்சேரி: முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய பிறகு, யாழ்ப்பாணத்திலும் "சிம்பொனி என்றால் என்ன, எங்கே போய்க் கேட்கலாம்" என்று விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஓர்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவுக்காக எழுதும், பல பகுதிகள் கொண்ட நீண்ட இசைப் படைப்புத்தான் சிம்பொனி. மேலைத்தேயச் செவ்வியல் இசையை நேரில் கேட்கச் சந்தர்ப்பம் கிடைத்தும், "எங்களுக்கு அது சரிவராது" என்று வீட்டிலேயே நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் எண்ணத்தை முதலே சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்துக் காது நல்ல காது. ஓர்கெஸ்ட்ரா அதற்குப் புதிதாக இருக்கலாம், எட்டாததாக இருக்காது.

மேடையில் என்ன நடக்கும்? பாட்டுக்காரர் வருவாரா?

பெரும்பாலும் வரமாட்டார். வாத்தியக்காரர்கள் மட்டும்தான். சிறிய குழுவென்றால் 30, 40 பேர். முழு சிம்பொனிக் குழுவென்றால் 70 முதல் 100 பேர் வரை இருப்பார்கள். முன்னால் நின்று கையசைத்துக் குழுவை வழிநடத்துபவர் நடத்துநர். அவருக்கு இடது கைப்பக்கம் முதலாம் வயலின்கள், அதையடுத்து இரண்டாம் வயலின்கள், பிறகு வயலினைவிடப் பெரிய வயோலா, செலோ. ஆள் உயர டபுள் பேஸ் வலப்பக்கம் பின்னால் நிற்கும். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன் என்ற குழல் வாத்தியங்கள். அவற்றுக்குப் பின்னால் ஹோர்ன், ட்ரம்பெட், ட்ரொம்போன் என்ற பித்தளை ஊதுவாத்தியங்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் டிம்பனி என்ற பெரிய செம்புப் பானை முரசுகள். இந்த ஒழுங்கு குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும்.

முக்கியமான விஷயம், மைக் இல்லை. கோயிலிலும் கலியாண மண்டபத்திலும் ஒலிபெருக்கி வழியாகவே இசை கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். இங்கே வில் நரம்பில் உரசும் சத்தம் நேராக உங்களிடம் வருகிறது. முதல் ஐந்து நிமிடம் "சத்தம் காணாது" என்று தோன்றலாம். பொறுத்திருங்கள், காது தானாகவே கூர்மையாகும். பிறகு அறுபது பேர் ஒன்றாக உரத்து வாசிக்கும்போது நெஞ்சில் அதிர்வது வேறு விதமாக இருக்கும். ஒலிபெருக்கிப் பெட்டிகள் எழுப்பும் சத்தத்தில் அந்த அதிர்வு கிடைக்காது. நேரில் போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே போதும்.

எனக்கு மேலைத்தேய இசை ஒன்றும் தெரியாது. போனால் விளங்குமா?

உங்களுக்கு என்ன தெரியும் என்று முதலில் பாருங்கள். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலையும் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும் கோயில் வீதியில் மணலில் இருந்து சாமம் சாமமாகக் கேட்ட சனம் இது. எந்த இடத்தில் தவில் விலகிப் போகிறது, எந்த இடத்தில் வந்து சேருகிறது என்று பாடம் படிக்காதவர்களும் சொல்லுவார்கள். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்பாத வீதி ஊரில் குறைவு. தேவாலயப் பாடகர் குழுவில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துப் பாடி வளர்ந்தவர்களுக்கு இன்னும் சுலபம். அவர்களுக்கு ஓர்கெஸ்ட்ராவின் அடிப்படை ஏற்கெனவே கைவசம்.

வித்தியாசம் எங்கே என்றால், எங்கள் கச்சேரியில் ஒரு குரலோ ஒரு வாத்தியமோ ராகத்தை விரித்துக்கொண்டு போகும், மற்றவை அதைத் தொடரும், கீழே சுருதி அசையாமல் நிற்கும். ஓர்கெஸ்ட்ராவில் ஒரே நேரத்தில் மூன்று நான்கு வரிகள் ஓடும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்த்தால் களைத்துப்போவீர்கள். ஒரு வாத்தியத்தைத் தேர்ந்தெடுத்து ஐந்து நிமிடம் அதை மட்டும் கேளுங்கள். ஓபோவாக இருக்கட்டும். அது எப்போது பேசுகிறது, யாருக்குப் பதில் சொல்கிறது, எப்போது ஒதுங்குகிறது என்று பாருங்கள். அப்புறம் செலோவுக்கும் டபுள் பேஸுக்கும் காதை இறக்குங்கள். மேலே வயலின் வாசிக்கும் அதே மெட்டு, கீழ்ச் சுரம் மாறியவுடன் சந்தோஷத்திலிருந்து துக்கத்துக்கு மாறுவது கேட்கும். ஒத்திசைவு என்று சொல்வது இதைத்தான். விளக்கத்தை வாசிப்பதைவிட ஒருமுறை காதால் பிடித்துவிட்டால் போதும்.

இதில் ராகம், தாளம் இருக்கிறதா?

சுர வரிசை என்று பார்த்தால் நிறைய ஒற்றுமை. மேலைத்தேய மேஜர் சுர வரிசை எங்கள் சங்கராபரணம். ஹார்மோனிக் மைனர் கீரவாணி. இயல்பான மைனர் நடபைரவி. ஆனால் கமகம் இருக்காது. அந்த அசைவை எதிர்பார்த்துக் கேட்டால் ஏமாற்றமாக இருக்கும். அதற்குப் பதிலாக இங்கே சட்ஜமே இடம் மாறும். ஒரு சுரத்தை வீடாக வைத்துத் தொடங்கி, நடுவில் வேறு சுரத்தை வீடாக்கி, கடைசியில் பழைய வீட்டுக்குத் திரும்புவார்கள். திரும்பும் அந்தக் கணத்தை உங்கள் காது கட்டாயம் கண்டுபிடிக்கும்.

பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை உதாரணத்துக்கு எடுப்போம். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீண்ட ஒரு கச்சேரியில், குளிர் உறைந்த அரங்கில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. நான்கு பகுதிகள், மொத்தம் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். முதல் நான்கு சுரங்களை எல்லோருக்கும் தெரியும். நான் கேட்கச் சொல்வது மூன்றாம் பகுதியின் முடிவை. அங்கே எல்லாம் அடங்கிப்போய், நரம்பு வாத்தியங்கள் ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, டிம்பனி மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்கும். தவில் கேட்டுப் பழகியவருக்கு அந்தத் தட்டல் உடனே பிடிபடும்: ஏதோ வரப்போகிறது என்று தெரியும், எப்போது என்று தெரியாது. சத்தம் சிறிது சிறிதாக ஏறி, இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதி வெடித்துத் திறக்கும். அதுவரை அரை மணி நேரத்தின் பெரும்பகுதி கையைக் கட்டிக்கொண்டு இருந்த ட்ரொம்போன்காரர்கள் அங்கேதான் முதல்முறையாக வாயில் வைப்பார்கள். மைனரில் தொடங்கிய சிம்பொனி மேஜரில் முடியும். ஒலிப்பதிவில் இது நன்றாக இருக்கும். நேரில், அந்த மனிதர்கள் வாத்தியத்தைத் தூக்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்பது முற்றிலும் வேறு அனுபவம்.

தாளம் உண்டு, ஆனால் ஆவர்த்தனக் கணக்காக அதைப் போட்டுக்கொண்டு போக முடியாது. நடத்துநர் வேகத்தைக் கூட்டுவார், இழுப்பார், நிறுத்துவார். தொடையில் சத்தம் போட்டுத் தட்டவேண்டாம். விரலை அசைத்து எண்ணுவதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கைதட்டுவது எப்போது? தப்பான இடத்தில் தட்டினால்?

எல்லோரும் பயப்படுகிற கேள்வி இது. இன்றைய வழக்கம்: ஒரு சிம்பொனியிலோ கொன்சேர்ட்டோவிலோ (தனி வாத்தியக்காரர் ஒருவர் குழுவோடு சேர்ந்து வாசிப்பது) மூன்று நான்கு பகுதிகள் இருந்தால், நடுவில் தட்டாமல் கடைசிப் பகுதி முடிந்த பிறகு தட்டுவது. நிகழ்ச்சித் தாளில் பகுதிகள் வரிசையாக எழுதியிருக்கும். அலெக்ரோ என்றால் விரைவு, அந்தாந்தே நடை வேகம், அடாஜியோ ஆறுதலாக, ப்ரெஸ்ட்டோ மிக வேகம். எண்ணிக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கை தவறிவிட்டால் நடத்துநரின் கையைப் பாருங்கள். கை உயர்ந்தே இருந்தால் இன்னும் முடியவில்லை. கை கீழே இறங்கி, அவர் சபையைப் பார்த்துத் திரும்பினால் தட்டலாம்.

சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அதன் மூன்றாம் பகுதி பெரும் ஆரவாரத்தோடு முடியும். முடிந்துவிட்டது என்றே தோன்றும். அதற்குப் பின்னால்தான் மெதுவான, மிகத் துக்கமான கடைசிப் பகுதி இருக்கிறது.

ஆனால் இந்த மௌன வழக்கம் ஆதியிலிருந்து வந்தது கிடையாது. 1778 இல் பாரிஸில் தன் சிம்பொனி வாசிக்கப்பட்டபோது சபையோர் பகுதியின் நடுவிலேயே கைதட்டினார்கள் என்று மோட்சார்ட் தன் தகப்பனாருக்குச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். 1813 இல் பேத்தோவனின் ஏழாம் சிம்பொனி அரங்கேறியபோது இரண்டாம் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சனம் கேட்டது, வாசித்தார்கள். ஆகவே பக்கத்தில் இருக்கும் ஒருவர் பரவசப்பட்டு இடையில் தட்டிவிட்டால், திரும்பி முறைக்க வேண்டாம். முதல்முறை வந்தவர் அடுத்தமுறை வராமல் போவதற்கு அந்த ஒரு பார்வை போதும். சின்ன ஊரில் ஒரு ரசிகரை இழப்பது பெரிய நட்டம்.

தலையாட்டலாமா? 'ஆகா' சொல்லலாமா?

தலையாட்டலாம். குரல் கொடுப்பது முடிவில்.

தொடங்குமுன் எல்லோரும் ஒரே சத்தமாக இழுக்கிறார்களே, அது என்ன?

சுருதி சேர்க்கிறார்கள். ஓபோ ஒரு சுரத்தைக் கொடுக்கும். வழக்கமாக அது 440 ஹேர்ட்ஸ் அளவிலான 'ஏ' என்ற சுரம். மற்றவர்கள் அதற்குச் சேர்த்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்து வெக்கையிலும் கடற்காற்றின் ஈரப்பதத்திலும் மர வாத்தியங்களுக்குச் சுருதி சீக்கிரம் விலகும். இடையிலும் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் கதைக்காமல் இருந்தால் அவர்களுக்குப் பெரிய உதவி.

எந்த மண்டபத்தில் நடக்கும்? எங்கே இருப்பது நல்லது?

பொது நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கட்டிய பண்பாட்டு மையத்தில் (2025 ஜனவரியில் இருந்து திருவள்ளுவர் பெயரில் இருக்கிறது) ஏறத்தாழ 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு உண்டு. வீரசிங்கம் மண்டபம், பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு, பள்ளிக்கூட மண்டபங்கள், தேவாலயங்கள் என்று மற்ற இடங்களும் இருக்கின்றன.

லண்டனில் ரோயல் அல்பேர்ட் மண்டபத்துக்குள் 5,000 பேருக்கு மேல் கொள்ளும். அங்கே மேல் தளத்தில் இருக்கும் உங்கள் மச்சாளுக்கு வயலின்காரரின் முகமே தெரியாது. 600 பேர் மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்தாலும் நீங்கள் கிட்டத்தான் இருக்கிறீர்கள். புல்லாங்குழல்காரர் மூச்சை இழுப்பதே கேட்கும். பெரிய நகரத்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கும் கிட்டம் இங்கே சும்மா கிடைக்கிறது. சின்ன ஊர் என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

எனக்குப் பிடித்த இடம் நடு வரிசைக்குச் சற்று முன்னால், கொஞ்சம் இடப்பக்கம். பியானோ கொன்சேர்ட்டோ என்றால் இடப்பக்கத்தில் இருந்து விரல்களும் தெரியும். முதல் இரண்டு வரிசையில் வயலின் மட்டும் பெரிதாகக் கேட்டு, பின்னால் இருப்பவை மறைந்துபோகும். பிரமுகர்களுக்கு ஒதுக்கும் சோஃபா வரிசை இசை கேட்க உகந்த இடமே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஏற்பாடு செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சுழலும் மின்விசிறிகள் மெல்லிய பகுதிகளை விழுங்கிவிடும், இசைத் தாள்களையும் பறக்கடிக்கும். அடுத்த வீதிக் கோயிலில் திருவிழாவா என்று திகதி குறிக்குமுன் பாருங்கள். நல்லூர்க் கொடியேறிவிட்டால் அந்த 25 நாளும் ஊர் முழுக்கக் கவனம் அங்கேதான்.

எத்தனை மணிக்குப் போகவேண்டும்?

இருபது நிமிடம் முன்னதாக. நல்லூரில் பூசை நேரம் தவறாது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒழுங்கை இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள். பிந்தினால் ஒரு பகுதி முடியும்வரை கதவுக்கு வெளியே நிற்கவேண்டி வரும். வழக்கமான நிகழ்ச்சி இடைவேளையோடு இரண்டு மணி நேரம்: முதலில் ஒரு சிறிய துண்டு, பிறகு தனி வாத்தியக்காரர் ஒருவரோடு கொன்சேர்ட்டோ, இடைவேளைக்குப் பின் சிம்பொனி. இரவில் பஸ் குறைவு. வடமராட்சிப் பக்கமோ தீவுப் பக்கமோ போகிறவர்கள் திரும்பும் ஓட்டோவுக்கு முதலே சொல்லி வையுங்கள்.

ஊரடங்கு, இருட்டு, சோதனைச் சாவடி என்று வளர்ந்த தலைமுறைக்கு, பொழுதுபட்ட பிறகு குடும்பமாக மண்டபத்துக்குப் போய் இசை கேட்டுவிட்டு ஒன்பது மணிக்கு ஆறுதலாக வீடு திரும்புவது சின்ன விஷயம் இல்லை. அந்த வயதில் இருப்பவர்களை விசேஷமாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன உடுப்பு?

சுத்தமான எதுவும். சேலை, வேட்டி, சேட்டு எல்லாம் பொருந்தும். கோட் தேவையில்லை. கலகலக்கும் வளையல்களை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

ஏழு எட்டு வயதுக்கு மேல் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் நடைபாதை ஓரத்தில் இருங்கள், இடைவேளையோடு வெளிக்கிடலாம் என்று நினைத்துப் போங்கள். வீட்டில் புரோக்கோஃபியேவ் 1936 இல் எழுதிய 'பீட்டரும் ஓநாயும்' போட்டுக் காட்டுங்கள். கதை சொல்பவர் கதை சொல்ல, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாத்தியம்: குருவிக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்குப் பசூன், ஓநாய்க்கு மூன்று ஹோர்ன், பீட்டருக்கு நரம்பு வாத்தியங்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அதைக் கேட்ட பிள்ளை மண்டபத்தில் "அம்மா, பூனை!" என்று கிளாரினெட்டைக் காட்டும். பெரியவர்களுக்கும் இதைவிட நல்ல ஆரம்பப் பாடம் எனக்குத் தெரியாது.

கைபேசியில் எடுக்கலாமா?

வேண்டாம். வெளிச்சம் பின்னால் இருப்பவரின் கண்ணில் அடிக்கும், நடுவில் மணி அடித்தால் அந்த மெல்லிய இடம் போனதுதான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்களுக்கு அனுப்பவேண்டும் என்றால் முடிவில் எல்லோரும் எழுந்து வணங்கும்போது எடுங்கள்.

நித்திரை வந்தால்?

மெதுவான பகுதியில் வரும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹைடன் 94ஆம் சிம்பொனியின் மெதுவான பகுதியில், மெல்லப் போகும் மெட்டுக்கு நடுவே திடீரென்று முழுக் குழுவையும் ஓங்கி அடிக்க வைத்திருக்கிறார்.

போகுமுன் எதைக் கேட்டுப் பழகலாம்?

நிகழ்ச்சியில் எது வாசிக்கப்படப்போகிறதோ அதையே யூடியூபில் இரண்டு தடவை கேளுங்கள். ஒருமுறை சமைத்துக்கொண்டு, ஒருமுறை சும்மா இருந்து. தெரிந்த மெட்டு நேரில் வரும்போது மனம் தானாகப் பிடித்துக்கொள்ளும். நிகழ்ச்சி நிரல் தெரியாவிட்டால், நரம்பு வாத்தியங்களுக்காக மட்டும் மோட்சார்ட் 1787 இல் எழுதிய 'ஐனே க்ளைனே நாஹ்ட்மூசிக்', 1725 இல் அச்சான விவால்டியின் 'நான்கு பருவங்கள்', 1893 இல் அரங்கேறிய த்வோர்ஷாக்கின் 'புதிய உலகம்' சிம்பொனி. இந்த மூன்றோடு தொடங்கலாம்.

இது வெள்ளைக்காரரின் இசை. எங்களுக்கு ஏன்?

நாங்கள் எங்களுடையது என்று கேட்கும் வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதை மேலைத்தேய முறையில் கற்று, எங்கள் இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்ட் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அதுதான். பிரித்தானிய தேசிய கீதத்தின் மெட்டில் அமைந்த 'சந்ததம் பாஹிமாம்' அவற்றில் ஒன்று. எல்லாம் சங்கராபரணம். கிளாரினெட்டும் அப்படித்தான், ஏ.கே.சி. நடராஜன் அதில் கமகத்தோடு ராகம் வாசித்தார். யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டு மிஷன் பள்ளிக்கூடங்கள் தொடக்கம் பாண்டும் பாடகர் குழுவும் இருந்துவந்திருக்கின்றன. கேட்பதால் எங்கள் இசைக்குக் குறை வராது என்பதற்குத் தீட்சிதரைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

சின்ன ஊருக்கு வருகிற குழு தரமாக இருக்குமா?

கொழும்பில் 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி ஓர்கெஸ்ட்ரா இருக்கிறது; நாட்டில் நல்ல வாத்தியக்காரர்கள் இருக்கிறார்கள். தடை தூரம்தான். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், டபுள் பேஸையும் டிம்பனியையும் ஏற்றி இறக்கவேண்டும், அறுபது பேருக்குச் சாப்பாடு, தங்குமிடம். ஆகவே முழுக் குழு அடிக்கடி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கு பேர் வாசிக்கும் நரம்பு நால்வர் குழு, பத்துப் பன்னிரண்டு பேர் குழு வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள தேவாலயத்தில் ஒரு நால்வர் குழுவைக் கேட்பதை, சரியில்லாத மண்டபத்தில் முழு ஓர்கெஸ்ட்ரா கேட்பதைவிட நான் விரும்புவேன்.

ஹோர்ன் ஒரு இடத்தில் பிசிறினால் பெரிதுபடுத்த வேண்டாம். உலகத்தின் மிகப் பெரிய குழுக்களிலும் ஹோர்ன் பிசிறும். அந்த வாத்தியம் அப்படி.

என் மகள் கர்நாடக வயலின் படிக்கிறாள். ஓர்கெஸ்ட்ராவில் சேர முடியுமா?

முடியும், ஆனால் பிடி, சுருதி, வாசிப்பு மூன்றும் மாறும். அவள் இப்போது நிலத்தில் இருந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி, நரம்புகளை ச-ப-ச-ப என்று சேர்த்து வாசிப்பாள். அங்கே கதிரையில் இருந்து நாடிக்குக் கீழே பிடித்து, ஜி-டி-ஏ-ஈ என்று சேர்த்து, ஐந்து கோட்டுத் தாளைப் பார்த்து வாசிக்கவேண்டும். விரலும் காதும் பழகியிருப்பதால் புதிதாகத் தொடங்கும் பிள்ளையைவிட வேகமாக வருவாள். தாள் வாசிப்புக்குத்தான் காலம் பிடிக்கும். சாதாரண தரப் பரீட்சையில் கர்நாடக சங்கீதம், மேலைத்தேய சங்கீதம் இரண்டும் பாடங்களாக உண்டு. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். எங்கள் பிள்ளைகள் இருபது பேர் இப்படி இரண்டும் தெரிந்து வந்தால், குழு கொழும்பில் இருந்து வரவேண்டிய தேவையே குறையும்.

முடிந்ததும் கலைஞர்களிடம் போய்க் கதைக்கலாமா?

கட்டாயம் போங்கள். பெரிய நகரங்களில் பின்கதவால் போய்விடுவார்கள்; இங்கே மேடைக்குக் கீழேயே நின்று தேத்தண்ணி குடிப்பார்கள். எந்தப் பகுதி பிடித்தது என்று சொல்லுங்கள், பசூனை எப்படிப் பிரித்துப் பெட்டிக்குள் வைக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். வில்லின் மயிரை மட்டும் தொடவிடாதீர்கள், விரல் எண்ணெய் பட்டால் நரம்பைப் பிடிக்காமல் வழுக்கும். அப்படியே ஏற்பாட்டாளரையும் தேடிப் பிடித்து, அடுத்தமுறை எதைக் கேட்க ஆசை என்று பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வாருங்கள்.